லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றும்போது உண்மையில் எது மாறுகிறது?

"ஃபைபர் போட்டாச்சு, ஆனாலும் மாடியில வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார் ஒருவர். "மின்சாரத்தைவிட ஒளி வேகமாகப் போகும், அதனால்தான் ஃபைபர் வேகம்" என்று விளக்குகிறார் இன்னொருவர். "லேண்ட்லைன் அப்படியேதான் இருக்கும், வயர் மட்டும்தான் மாறும்" என்று மூன்றாமவர் தைரியம் சொல்கிறார். இந்த மூன்று பேச்சிலும் ஒரு விஷயம் இன்னொரு விஷயத்தோடு குழம்பிக் கிடக்கிறது. மூன்றாவதை நம்பி மாற்றியவர்களில் சிலர், குறிப்பாக வயதானவர்கள், கரண்ட் போன நேரத்தில் போன் இல்லாமல் தவித்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வீட்டுக்கு வரும் பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போடும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வருகிறது. இன்னொன்று, தொலைபேசி தனக்கென்று வைத்திருந்த வழியை விட்டுவிட்டு இணையத்துக்குள் குடியேறுகிறது. முதல் மாற்றம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிச் சொல்பவர் குறைவு.

செம்புக் கம்பி செய்த வேலை

பழைய பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை இரண்டு செம்புக் கம்பிகள் ஜோடியாக ஓடின. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி வரிசை ஒன்று இருக்கும். அது 48 வோல்ட் மின்சாரத்தை அந்த ஜோடி வழியாகவே அனுப்பும். ரிசீவரை எடுத்ததும் சுற்று முழுமையாகி மின்சாரம் ஓடத் தொடங்கும். அதை வைத்தே எக்ஸ்சேஞ்ச் நீங்கள் போனை எடுத்துவிட்டதைத் தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். போன் பேசுவதற்கு வேண்டிய மின்சாரமும் அந்தக் கம்பியிலேயே வந்ததால், வீட்டில் கரண்ட் இல்லையென்றாலும் பழைய போன் பேசியது.

பேச்சுக்கு அந்தக் கம்பியில் மிகக் குறைந்த இடம்தான் தேவைப்பட்டது. ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை, அவ்வளவுதான். (ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ்.) அதற்கு மேலே உள்ள உயர் அதிர்வுகள் சும்மா கிடந்தன. 2005 வாக்கில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வீடுகளுக்கு வரத் தொடங்கியபோது, அந்த உயர் அதிர்வுகளில்தான் இணையம் ஏறியது. இந்த முறைக்கு ஏ.டி.எஸ்.எல். என்று பெயர். போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டினார்களே, அது பேச்சையும் இணையத்தையும் பிரித்துக் கொடுத்த வடிகட்டி.

சரி, அதில் என்ன குறை? கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பாட்டை நினைத்துப் பாருங்கள். கோயில் வாசலில் நின்றால் பாடுபவரின் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். இரண்டு தெரு தள்ளிப் போனால் குரல் மங்கும். ஊருக்கு வெளியே வயல்காட்டில் நின்றால் 'தும் தும்' என்ற அடி மட்டும்தான் வந்து சேரும். தூரம் கூடக்கூட முதலில் காணாமல் போவது உயர்ந்த ஒலிகள்தான். செம்புக் கம்பியிலும் இதே கதைதான். இணையம் ஏறியிருந்த உயர் அதிர்வுகள்தான் வழியில் முதலில் செத்தன. அதனால்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தவருக்கு நல்ல வேகம் கிடைத்தது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்கு அதே பணத்துக்கு ஒன்றிரண்டு எம்.பி.பி.எஸ். வந்தாலே பெரிது. (ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் என்ற வேகக் கணக்குதான் எம்.பி.பி.எஸ்.) பேச்சு மட்டும் இருவருக்கும் தெளிவாகவே கேட்டது, ஏனென்றால் அது அடி ஒலி போல, தாழ்ந்த அதிர்வில் போனது. இந்தக் குடும்பத்தின் மேம்பட்ட வகையான ஏ.டி.எஸ்.எல்.2+ கூட, எல்லாம் சரியாக இருந்தால் 24 எம்.பி.பி.எஸ். தான் தரும். பதிவேற்றமோ ஒரு எம்.பி.பி.எஸ். அளவில் நின்றுவிடும்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சு, இணையம், போனுக்கான மின்சாரம் மூன்றும் வந்தன. தூரம் கெடுத்தது இணையத்தை மட்டும்.

கண்ணாடி ஏன் மேல்

முதலில் அந்த வேகக் கதையை முடித்துவிடுவோம். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. செம்புக் கம்பியில் மின்குறிப்பு போகும் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆகவே ஒளி வேகமாக ஓடுவதால் ஃபைபர் வேகமாக இல்லை. ஒரே வினாடியில் எத்தனை முறை விளக்கை ஏற்றி அணைக்க முடிகிறது, அந்தச் சிமிட்டல் மறுமுனையில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணாடியில் வினாடிக்குக் கோடிக்கணக்கான சிமிட்டல்களை அனுப்பலாம். பத்து கிலோமீட்டர் போன பிறகும் ஏறக்குறைய பாதி வெளிச்சம் மிஞ்சியிருக்கும். செம்பில் அது நடக்காது.

ஃபைபர் என்பது தலைமுடியைப் போன்ற ஒரு கண்ணாடி இழை. அதன் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடுவது அதன் நடுவில் இருக்கும் 9 மைக்ரான் அளவுள்ள உள்தண்டில். உள்தண்டும் அதைச் சுற்றியுள்ள உறையும் கண்ணாடிதான், ஆனால் இரண்டின் தன்மையிலும் சிறு வித்தியாசம் வைத்திருப்பார்கள். அந்த வித்தியாசத்தால் உள்ளே ஓரத்தில் சாய்வாகப் படும் ஒளி வெளியே தப்ப முடியாமல் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. பள்ளியில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். ஃபைபரை மிகவும் மடக்கினால் இந்தத் திரும்புதல் கெட்டு, வளைவில் ஒளி கசிந்துவிடும். கேபிளைக் கதவு இடுக்கில் நசுக்காதீர்கள், ஆணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இதில் நம் நாட்டுக்காரர் ஒருவரின் பங்கும் உண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1950களில் லண்டனில் கண்ணாடி இழைக் கட்டுகள் வழியாகப் படங்களை அனுப்பிக் காட்டினார். ஆனால் அன்றைய கண்ணாடியில் சில பத்து மீட்டருக்குள் ஒளி செத்துவிடும். கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுதான் ஒளியைத் தின்கிறது, அதை நீக்கினால் தொலைத்தொடர்புக்கே இதைப் பயன்படுத்தலாம் என்று 1966-இல் எழுதியவர் விஞ்ஞானி சார்லஸ் காவ். நான்கே ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட கண்ணாடியைச் செய்துவிட்டது. காவுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வாசல் வரை

வீடுகளுக்குத் தரும் ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறை இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில், அல்லது உள்ளூர் கேபிள்காரர் இடத்தில், ஓ.எல்.டி. என்ற பெட்டி இருக்கும். ஒளியை அனுப்பி வாங்குவது அதன் வேலை. அதிலிருந்து கிளம்பும் ஒரே இழை, தெருவில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு துண்டுக்கு வந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். அது கண்ணாடியில் செய்த கிளை மட்டும். வீட்டுக்குள் வந்து உட்காரும் பெட்டி ஓ.என்.டி. ஒளியை வாங்கி, நம் கணினிக்கும் போனுக்கும் புரியும் மின்குறிப்பாக மாற்றுவது அதுதான். பெரும்பாலான வீடுகளில் வைஃபையும் அதற்குள்ளேயே இருப்பதால் எல்லோரும் அதை மோடம் என்றே சொல்கிறார்கள்.

ஒரே இழையில் போவதும் வருவதும் மோதாதா? மோதாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது ஒரு நிறத்து ஒளி, வீட்டிலிருந்து போவது வேறு நிறத்து ஒளி. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கீழே வரும் வழியில் 2.5 ஜி.பி.பி.எஸ். (ஒரு ஜி.பி.பி.எஸ். என்பது ஆயிரம் எம்.பி.பி.எஸ்.), மேலே போகும் வழியில் 1.25 ஜி.பி.பி.எஸ்., இதை அந்த ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்து வீட்டுக்குப் போகும் தகவலும் உங்கள் பெட்டி வரை வரத்தான் செய்கிறது. ஆனால் அது பூட்டப்பட்டிருக்கும், தன் பங்கை மட்டும்தான் உங்கள் ஓ.என்.டி. திறக்கும். மேலே அனுப்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஓ.எல்.டி. நேரம் ஒதுக்கித் தரும், மைக்ரோ வினாடிக் கணக்கில்.

இணைப்புக் கொடுக்க வருபவர் செய்வதைக் கூடவே நின்று பாருங்கள், பார்க்க வேண்டிய வேலை அது. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு டிராப் கேபிளை உரித்து, நடுவில் உள்ள இழையைத் தனியே எடுப்பார். அதன் மேல்பூச்சை ஒரு கருவியால் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பார். பிறகு ஒரு சின்னக் கத்திப் பெட்டியில் வைத்து நேராக வெட்டுவார். அந்த வெட்டு கோணலாக இருந்தால் முதல் நாளே வெளிச்சம் வீணாகும். கடைசியில் பச்சை அல்லது நீல முனை கொண்ட கனெக்டரை மாட்டி, வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் செருகிப் பார்ப்பார். அதில் மைனஸ் 20, மைனஸ் 22 என்று ஏதாவது காட்டும். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாக ஆக ஆக வெளிச்சம் மங்கல் என்று பொருள். மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு தடுமாறும். அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து இணைப்பு விட்டு விட்டு வந்தால், "அன்றைக்கு 21 இருந்தது, இப்போது எவ்வளவு?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியில் பாதி வாக்குவாதம் குறையும்.

வெட்டிப்போட்ட கண்ணாடித் துண்டுகளைத் தரையில் விடச் சம்மதிக்காதீர்கள். கண்ணுக்கே தெரியாத அந்தத் துண்டு குழந்தையின் காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

பெட்டியில் 'பான்' (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி வந்துவிட்டது. 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வரவில்லை, எங்கேயோ கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அப்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

ஃபைபர் எதுவரை வருகிறது?

சில அடுக்ககங்களில் ஃபைபர் கட்டடத்தின் அடித்தளம் வரைதான் வரும். அங்கே ஒரு பெட்டி, அதிலிருந்து வீடுகளுக்கு சாதாரண லேன் கேபிள். வேகத்துக்கு அது கெட்டதல்ல. ஆனால் கீழே உள்ள பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் நிற்கும். வீட்டுக்குள் வரும் கேபிளின் முனையைப் பார்த்தாலே தெரியும்: பச்சை அல்லது நீல முனையென்றால் ஃபைபர், எட்டுக் கம்பி தெரியும் கிளிப் என்றால் லேன். ஏர்ஃபைபர் என்று 2023 முதல் விற்கப்படுவது இன்னொரு வகை. அதில் வீட்டுக்கு இழையே வருவதில்லை. மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா வைத்து 5ஜி அலையை வாங்குகிறார்கள். ஃபைபர் கிடைக்காத இடத்தில் அது உதவும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கக் கூடாது.

தொலைபேசிக்கு என்ன ஆகிறது

கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஆகவே எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த 48 வோல்ட் உங்கள் வீட்டுக்கு இனி வராது. பழைய முறையில் பேசுவதற்கான வழியும் போய்விட்டது. பதிலுக்கு ஓ.என்.டி.யின் பின்பக்கம் 'போன்' என்று ஒரு சிறு துளை இருக்கும். பழைய தொலைபேசியின் கம்பியை அதில் செருகினால் டயல் டோன் கேட்கும். அந்த டோனைக் கொடுப்பது உங்கள் வீட்டுப் பெட்டிதான், எக்ஸ்சேஞ்ச் இல்லை.

நீங்கள் "ஹலோ" என்றதும் ஓ.என்.டி. அந்த ஒலியை எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பொட்டலமாக அனுப்புகிறது. வினாடிக்கு 50 பொட்டலம். மறுமுனையில் அவற்றை வரிசைப்படுத்தி மறுபடி குரலாக்குகிறார்கள். இணையம் வழியாகக் குரலை அனுப்பும் இந்த முறைக்கு வி.ஓ.ஐ.பி. என்று பெயர். இதற்குத் தேவைப்படுவது 0.1 எம்.பி.பி.எஸ். அளவுதான். அதனால் போன் பேசினால் இணையம் மெதுவாகும் என்று பயப்படத் தேவையில்லை.

வீட்டில் படுக்கையறை, கூடம் என்று பழைய கம்பி ஓடியிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஓ.என்.டி.யின் போன் துளையை அந்த உள் கம்பியோடு சேர்த்துவிட்டால் எல்லா அறையிலும் போன் மணி அடிக்கும். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய ஜோடியை முதலில் கழற்றியாக வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் உள்ளே வந்து ஓ.என்.டி.யைக் கெடுத்துவிடலாம். விரலை விட்டுச் சுழற்றும் பழைய டயல் போன் பல ஓ.என்.டி.களில் அழைப்பை வாங்கும், ஆனால் எண்ணைச் சுழற்றினால் வேலை செய்யாது. பட்டன் போனில் பல்ஸ், டோன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள். ஃபேக்ஸ், லேண்ட்லைனில் ஓடும் திருட்டு அலாரம், லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரப் போன் போன்றவை இருந்தால் மாற்றும் முன்பே சொல்லி, மாற்றியதும் சோதித்துப் பாருங்கள்.

சுருக்கமாக: போன் அதே போன், எண்ணும் அதே எண்ணாக இருக்கலாம். ஆனால் இனி அது உங்கள் வீட்டு மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி நிற்கும் போன்.

கரண்ட் போனால்

என் பெரியம்மா வீட்டில் இது நடந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்தடை. மகனிடம் பேச ரிசீவரை எடுத்திருக்கிறார், டோன் இல்லை. பில் கட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சும்மா இருந்துவிட்டார். செல்போன் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, லேண்ட்லைன்தான் பழக்கம். ஃபைபர் போட்டவர்கள் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அன்று அவசரம் எதுவும் இல்லாதது எங்கள் நல்ல நேரம். தனியாக இருக்கும் முதியவர் நெஞ்சுவலி வந்து 108-ஐ அழைக்க ரிசீவரை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்குப் பொறுக்கவில்லை. இதைச் சொல்லிக் கொடுப்பது இணைப்புக் கொடுப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

தீர்வு பெரிய செலவில்லை. பெரும்பாலான ஓ.என்.டி.கள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். (சின்ன பேட்டரிப் பெட்டி) ஒன்றை வாங்கி இடையில் மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, அதற்குப் பொருந்துவதாக எடுங்கள். ஓ.என்.டி. தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பெட்டி செருகியுள்ள பிளக் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கூடத்து விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் இருக்கும், வாசல் மூலையில் உள்ள அந்த ஒரு பிளக் இருக்காது. கார்டுலெஸ் போன் வைத்திருப்பவர்கள் அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பேக்கப்புக்கு ஒரு சாதாரண கம்பிப் போன் நல்லது.

புயல் நேரம் வேறு கதை. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் போல நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, ஓ.எல்.டி. இருக்கும் இடத்தின் பேட்டரியும் தீர்ந்துபோகலாம். அந்த நேரத்துக்குச் சார்ஜ் ஏற்றிய ஒரு சாதாரண பட்டன் செல்போன் வீட்டில் இருக்கட்டும்.

வைஃபை என்பது வேறு

ஃபைபரின் பொறுப்பு உங்கள் ஓ.என்.டி. வரைதான். அங்கிருந்து அறைகளுக்குப் போவது வைஃபை, அது ரேடியோ அலை. கான்கிரீட் சுவரும் தளமும் அதைத் தின்றுவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. பெட்டியை வாசல் ஓரத்தில் மாட்டிவிட்டு மாடி அறையில் வேகம் எதிர்பார்த்தால் கிடைக்காது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கேபிளை நீட்டித் தரச் சொல்லுங்கள். வேகத்தில் சந்தேகம் வந்தால் லேப்டாப்பை லேன் கேபிளால் நேரே பெட்டியில் செருகி அளக்க வேண்டும். அங்கே திட்டத்தில் சொன்ன வேகம் வந்தால் பழுது வீட்டுக்குள், வராவிட்டால் வெளியே. அப்புறம், 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் கோப்பு இறங்கும்போது 12 எம்.பி. என்று காட்டினால் ஏமாற்றப்பட்டதாக நினைக்காதீர்கள். திட்டம் பிட் கணக்கு, கோப்பு பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட்.

எண்ணும் பழைய இணைப்பும்

அதே நிறுவனத்தின் செம்பிலிருந்து அதே நிறுவனத்தின் ஃபைபருக்குப் போகும்போது பழைய எண்ணையே வைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பத்திலேயே அதை எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வேறு நிறுவனத்துக்குப் போனால் புது எண்தான். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி மொபைலுக்கு 2011 முதல் நாடு முழுக்க உண்டு, லேண்ட்லைனுக்கு இல்லை. வங்கி, கேஸ், மருத்துவமனை என்று பழைய எண்ணைக் கொடுத்த இடங்களில் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்.

வரிசையும் முக்கியம். எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினால் பழைய இணைப்பை முதலில் சரண்டர் செய்யக் கூடாது, எண் கையை விட்டுப் போய்விடும். மாற்றித் தரச் சொல்லியே விண்ணப்பிக்க வேண்டும். புது எண்தான் என்று முடிவானால், ஃபைபர் வந்து சில நாள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பழையதைச் சரண்டர் செய்யலாம். அப்போது வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இணைப்பு எடுத்த காலத்தில் கட்டிய டெபாசிட் திரும்ப வர வேண்டும் என்பதால், அந்தப் பழைய பில்லையும் சரண்டர் கடிதத்தின் நகலையும் பணம் கணக்கில் ஏறும்வரை ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.